ஸ்டூவர்ட்ஷிப்: "அடைக்கலக் காவல்" சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

சமய ஒப்பீட்டுப் பாடக்குறிப்பைத் தமிழாக்கும்போது நான் முட்டி நிற்கும் இடம் இதுதான். உலகம் மனிதனுக்குச் சொந்தமில்லை, பார்த்துக்கொள்ளும்படி அவனிடம் விடப்பட்டது என்ற கருத்து. ஆங்கிலத்தில் ஸ்டூவர்ட்ஷிப் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

> "மேற்பார்வையாண்மை" எளிதாக இருக்குமே?

எளிதுதான். ஆனால் மேற்பார்வை என்றதும் எனக்கு நினைவு வருவது சாலை போடும் இடத்தில் குடையோடு நிற்பவர். தார் குறைந்தால் அவர் தலையா உருளும்?

> "பொறுப்பாண்மை"?

இது தேவலாம். குறை என்னவென்றால், என் வீட்டுக்கும் நான் பொறுப்பாக இருக்கலாம். பொருள் வேறொருவருடையது, ஒருநாள் கணக்குக் கேட்பார் என்ற உறுத்தல் இந்தச் சொல்லில் இல்லை. அந்த உறுத்தல்தான் இந்தக் கருத்துக்கு உயிர்.

பழைய தமிழ் விவிலியம் இதற்கு வைத்த சொல் உக்கிராணக்காரன். லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் எஜமான் அவனைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிறார். உக்கிராணம் என்றால் சாமான் அறை. ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். சாவி கையில் இருக்கிறது, அரிசி அவனுடையதில்லை! அருமையான சொல். ஆனால் இங்கே தருமபுரியில் என் மாணவர்களிடம் கேட்டேன். ஒருவன் "உக்கிரமான ஆளா சார்?" என்றான். சரி, அதோடு விட்டுவிட்டேன்.

அதே விவிலியத்தில் இரண்டு குரல்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆதியாகமம் 1:28 பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளச் சொல்கிறது. 2:15 தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்ததாகச் சொல்கிறது. நாம் தேடுவது இரண்டாவதற்கான சொல்.

தமிழ் முஸ்லிம்களிடம் அமானிதம் என்ற சொல் இன்றும் புழங்குகிறது. நம்பி ஒப்படைத்த பொருள். குர்ஆன் 33:72-இல் இந்த அமானிதம் வானங்களுக்கும் பூமிக்கும் மலைகளுக்கும் முன்வைக்கப்படுகிறது. அவை அஞ்சி மறுக்கின்றன. மனிதன் ஏற்றுக்கொள்கிறான். அந்த வசனம் முடியும்போது அவனைப் பாராட்டவில்லை, அநியாயக்காரன், அறிவில்லாதவன் என்கிறது. மலையே வேண்டாம் என்ற சுமை என்பதை எந்த "ஆண்மை" விகுதியும் காட்டாது.

இதற்கு நேரான பழந்தமிழ்ச் சொல் அடைக்கலம். சிலம்பில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். அந்த அடைக்கலத்தை இழந்தேன் என்று மாதரி பிறகு நெருப்பில் பாய்கிறாள். இதைவிடக் கனமான ஒப்படைப்பு தமிழில் இருக்கிறதா? இன்று அடைக்கலம் என்றால் அகதிகள் நினைவுதான் வருகிறது, உண்மை. அதனால்தான் காவலைச் சேர்த்தேன். எங்கள் பக்கத்து நடுகற்களில் "தொறு மீட்டுப் பட்டான்" என்று வரும். ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன். அவனைத்தான் வேடியப்பன் என்று இன்றும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லை எல்லாச் சமயத்துக்கும் பொதுத்தலைப்பாக்க வேண்டாம். சமணத்தில் உலகைப் படைத்தவர் இல்லை. அப்படியானால் ஒப்படைத்தது யார்? அங்கே மண், நீர், நெருப்பு, காற்றுக்கும் ஓரறிவு உயிர் உண்டு. மனிதன் காவல்காரனில்லை, கூட இருப்பவன், மிதிக்காமல் நடக்க வேண்டியவன். சைவ சித்தாந்தத்தில் பதி, அதாவது இறைவன், இருக்கிறார், ஆனால் திசை தலைகீழ். தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) நான்கும் உயிர் பக்குவப்படுவதற்காகக் கொடுக்கப்பட்டவை. உலகம் உயிரைப் பார்த்துக்கொள்கிறது என்றுகூடச் சொல்லலாம். பொதுத்தலைப்புக்கு "உலகில் மனிதனின் இடம்" போதும். ஸ்டூவர்ட்ஷிப் அதற்குள் ஒரு விடை மட்டும்.

உங்கள் கருத்து?

---

(தேன்கனிக்கோட்டையிலிருந்து மறுமொழி)

ஐயா, அடைக்கலம் எனக்குச் சம்மதம். காவல்தான் இடிக்கிறது. ராகி முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா வனப்பக்கமிருந்து யானைக்கூட்டம் எங்கள் விளைநிலங்களுக்கு வரும். அப்போது எங்களுக்குக் காவல் என்றால் பரண், தகர டப்பா, டார்ச், பட்டாசு. நேற்று ராத்திரி பரணில் அப்பாவுக்கு உங்கள் மடலைப் படித்துக் காட்டினேன். "மனுசன் காட்டுக்குக் காவலா? யார்கிட்ட இருந்து?" என்று கேட்டுவிட்டு டார்ச்சை ஓடைப் பக்கம் திருப்பினார்.

நடுகல்லைச் சொன்னீர்கள். புலியைக் குத்திச் செத்தவனுக்கு நட்ட புலிகுத்திப்பட்டான் கல்லும் நம் பக்கம் உண்டே. அதுவும் காவல்தான், காட்டுக்கு எதிரான காவல். அடைக்கலப் பொறுப்பு என்று வைத்தால் என்ன?

---

புலிக்கல்லை மறந்தே போனேன். என் நடுகல்லையே எடுத்து என்மேல் போட்டுவிட்டீர்கள், தம்பி. வேடியப்பனை விட்டுக்கொடுக்க மனசில்லை, ஆனாலும் நீங்கள் சொல்வது சரி.

குறிப்பில் "அடைக்கலப் பொறுப்பு" என்று மாற்றிவிட்டேன். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "ஒப்படைத்தவருக்குக் கணக்குச் சொல்லும் கடமை" என்று விளக்கம் சேர்க்கிறேன். ஆதியாகமம் 1:28-க்கு "ஆளுகை" போட்டிருக்கிறேன், மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அப்புறம், அப்பாவைப் பரணில் தனியாக விடாதீர்கள்.