அதிரசத்துக்கு 1 படி அரிசி, 24 பலம் வெல்லம்: கிராமில் எவ்வளவு?

கேள்வி:
மாமியாருடைய பழைய நோட்டில் அதிரசத்துக்கு "பச்சரிசி 1 படி, தலை தட்டி. வெல்லம் 24 பலம்" என்று மட்டும் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இப்போது இல்லை. என்னிடம் டிஜிட்டல் தராசும் 240 மி.லி. கப்பும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் கால் பங்கு செய்து பார்க்க ஆசை. ஒரு படி அரிசிக்கு ஆளாளுக்கு ஒரு எடை சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

பதில் 1:
தோழி, வீட்டிலேயே பலகார ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். வெல்லக் கணக்கு சுலபம். 40 பலம் ஒரு வீசை, அதாவது 1400 கிராம். அப்படியென்றால் ஒரு பலம் 35 கிராம், 24 பலம் 840 கிராம்.

படிதான் குழப்பும். அது எடை இல்லை, கொள்ளளவு. 8 ஆழாக்கு ஒரு படி, ஓர் ஆழாக்கு சுமார் 168 மி.லி. அந்தக் கணக்கில் படி 1.34 லிட்டர் சொச்சம். தலை தட்டி அளந்தால் பச்சரிசி 1 கிலோ 100 கிராம் பக்கம் நிற்கும். குவித்து அளந்தால் இன்னும் ஏறும், அதனால்தான் உங்கள் மாமியார் "தலை தட்டி" என்று கவனமாக எழுதி வைத்திருக்கிறார். சில ஊர்களில் பெரிய படி, சின்னப் படி என்று இரண்டும் புழங்கின. ஆளாளுக்கு ஒரு எடை வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்கு சரியா என்று வெல்லத்தை வைத்தே பார்க்கலாம். 1100-க்கு 840 என்றால் கிலோவுக்கு முக்கால் கிலோவை ஒட்டி வருகிறது. அதிரசத்துக்குப் பலரும் போடும் அளவு அதுதான். ஆகவே உங்கள் வீட்டுப் படி இந்தப் படிதான் என்று நம்பி இறங்கலாம்.

கால் பங்குக்கு அரிசி 275 கிராம், வெல்லம் 210 கிராம். அரிசியை ஊறவைக்கும் முன்பே நிறுத்துவிடுங்கள். ஊறி, நிழலில் உலர்ந்து, இடித்துச் சலித்த ஈரமாவு பொலபொலவென்று உப்பி நிற்கும், அதைக் கப்பால் அளந்தால் கணக்கு தப்பும். வெல்லத்தையும் கப்பில் அளக்காதீர்கள். உடைத்த கட்டிகளுக்கு நடுவே இடைவெளி விழும், தூளாக்கினால் அதே கப்பில் கூடுதலாகப் பிடிக்கும். அரிசியைப் படியிலும் வெல்லத்தைப் பலத்திலும் சொன்ன அந்தக் காலத்து வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பதில் 2:
வீட்டில் பழைய படி கிடந்தால் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மி.லி. கப்பையும் இப்படியே பார்த்துவிடுங்கள். 240, 250 இரண்டும் கடையில் கிடைக்கின்றன, ரைஸ் குக்கரோடு வருவது பெரும்பாலும் 180 மி.லி.தான். கேக் செய்பவர்களுக்கு மைதா பெரிய தொல்லை. ஸ்பூனால் அள்ளிப் போட்டால் 240 மி.லி. கப்பில் 120 கிராம் சொச்சம், கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 140-ஐத் தாண்டும். சர்க்கரை அதே கப்பில் சுமார் 200 கிராம்.

கேட்டவர்:
பரணில் பித்தளைப் படி இருக்கிறது, இறக்கி அளக்கிறேன். அப்படியானால் இட்லிக்கு 4:1 என்பதையும் கிராமுக்கு மாற்ற வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். அரிசி, உளுந்து இரண்டையும் ஒரே டம்ளரில் அளக்கும்வரை டம்ளர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விகிதம் மாறாது. அதிரசத்தில் ஒன்று கொள்ளளவு, ஒன்று எடை, அதனால்தான் இவ்வளவு கணக்கு. எண்ணெயிலும் கவனம் வையுங்கள்: 1 லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள், ஒரு கிலோ இல்லை. அப்புறம், படி 1.34 லிட்டருக்கு மேலே வந்தால் அரிசியை அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள், வெல்லத்தைத் தொடாதீர்கள்.