பாப்பிஷ் சதி: உரிமச் சட்டம் காலாவதியானதா காரணம்?

கேள்வி:
இரண்டாம் சார்லஸ் மன்னரைக் கொன்றுவிட்டு, கத்தோலிக்கரான அவர் தம்பி ஜேம்ஸை அரியணை ஏற்ற இயேசு சபையினர் திட்டமிட்டதாக 1678இல் டைட்டஸ் ஓட்ஸ் புனைந்த 'பாப்பிஷ் (கத்தோலிக்க) சதி' என்ற கதையை இங்கிலாந்து நம்பியதால், குற்றமற்ற பலர் உயிரிழந்தனர். அச்சகங்களைக் கட்டுப்படுத்திய உரிமச் சட்டம் 1679இல் காலாவதியானதே இந்த வெறிக்குக் காரணம் என்கிறார்களே, சரியா?

மறுமொழி 1:
கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. ஓட்ஸின் வாக்குமூலத்தைப் பெற்ற நீதிபதி எட்மண்ட் பெரி காட்ஃப்ரேயின் சடலம் பிரிம்ரோஸ் குன்றில் கிடைத்தது 1678 அக்டோபர் 17 அன்று. ஜேம்ஸின் மனைவியின் செயலாளராக இருந்த எட்வர்ட் கோல்மன், சதியில் பங்குண்டு எனக் குற்றஞ்சாட்டப்பட்டு மரண தண்டனைக்கு உள்ளானது அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று. சட்டம் காலாவதியானதோ மறு ஆண்டின் நடுவில். ஓட்ஸின் விவரணம் நூலாக வந்ததும் பிரபுக்கள் சபையின் ஆணைப்படியே. ஆகவே, கள்ள அச்சைவிட அதிகார முத்திரையே அதற்கு மதிப்பைத் தேடித்தந்தது. போதாக்குறைக்கு, பிரெஞ்சு மன்னரின் பாவமன்னிப்புக் குருவிடம் பணம் கேட்டுக் கோல்மன் எழுதிய கடிதங்கள் உண்மையாகவே அகப்பட்டன. ஒரு மெய் கிடைத்ததும், அதனோடு ஒட்டிவந்த பொய்களைச் சோதித்துப் பார்க்கும் பொறுமை எவருக்கும் இல்லாமல் போயிற்று.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆயினும் 1679க்குப் பிந்தைய அச்சைக் குறைத்து மதிப்பிடலாகாது. வெறியைத் தொடங்கியது அதுவன்று என்றாலும், அணையாமல் காத்தது அதுவே. சதியின் காட்சிகளைப் படங்களாகப் பொறித்த சீட்டுக்கட்டுகள் விற்பனைக்கு வந்தன. எழுத்தறியாதவரும் சீட்டாடியபடியே கதையைக் கற்றுக்கொண்டனர். நவம்பர் 17இல் லண்டனில் போப்பின் உருவப் பொம்மையை எரித்த ஊர்வலங்களும் படத்தாள்களாக அச்சேறின. ஜேம்ஸின் வாரிசுரிமையைப் பறிக்கும் மசோதாவுக்காகப் போராடிய விக் கட்சியினருக்கு இவை பெரிதும் பயன்பட்டன.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் இக்கதையை உடைத்ததும் அச்சுதானா?

மறுமொழி 3:
ஓரளவே. அச்சகக் கண்காணிப்பாளராக இருந்த ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச், 1681 முதல் 'அப்சர்வேட்டர்' இதழில் ஓட்ஸையும் விக் கட்சியினரையும் விடாது தாக்கினார். அச்சகங்களை ஒடுக்கியவரே அச்சைப் பற்றிக்கொண்டது வேடிக்கைதான். ஆனால் ஓட்ஸ் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது ஜேம்ஸ் முடிசூடிய 1685இல்தான். 1688 புரட்சியில் ஜேம்ஸ் வீழ்ந்ததும் ஓட்ஸ் விடுதலையாகி, புதிய அரசிடம் ஓய்வூதியமும் பெற்றார்.