சிறைக்குப் பதில் சிகிச்சை: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை அக்கா
தம்பியிடம் 300 கிராம் கஞ்சா. ஒரு கிலோவுக்குள் என்பதால் சட்டப்படி சிறிய அளவு, அதிகபட்சம் ஓராண்டு சிறை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 39ஆவது பிரிவில், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பக் கேட்டு மனுப் போடச் சொல்லி வழக்கறிஞரிடம் மல்லுக்கு நின்றது நான்தான். நடுவர் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: “அரசு மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சம்மதமா?” அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. “வேண்டாம் ஐயா, தண்டனையே கொடுத்துவிடுங்கள்.”

மூன்று மாதம் கொடுத்தார். வேனில் ஏற்றும்போது கம்பிக்குப் பின்னாலிருந்து சொன்னான்: “ரிமாண்டில் 41 நாள் கழிந்துவிட்டது அக்கா. இன்னும் ஒன்றரை மாதம்தான். ஆஸ்பத்திரி என்றால் ஒரு வருடம் வரை ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை யாரால் முடியும்?” வெளியே வந்த எட்டாவது நாள் மொட்டை மாடியில் அதே வாசனை. தூக்கமில்லாமல் கண் சிவந்து நிற்கிறவனிடம் சம்மதம் கேட்டால் என்ன பதில் வரும்? இரவில் படுத்தால் இதுதான் ஓடுகிறது.

பழைய ஆள், வடசென்னை
அக்கா, நடுவர் சம்மதம் கேட்டது தவறில்லை. என்னிடமும் கேட்டார்கள். 2 கிராம் பிரவுன் சுகர் (கலப்பட ஹெராயின்). நான் “சரி” என்றதற்குக் காரணம் திருந்தும் எண்ணம் இல்லை. அன்று இரவே படுக்கையும் மருந்தும் கிடைக்கும் என்பதுதான். பிணைப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது கை அப்படி நடுங்கியது. பெஞ்ச் கிளார்க் பார்த்துவிட்டு, “இது எழுத்தா? மறுபடி போடு” என்றார். இரண்டாவதும் அப்படியேதான் வந்தது.

பதினொரு மாதம் கழித்து மருத்துவமனை அறிக்கையோடு போனேன். நடுவர் எச்சரித்து, இனி இந்தச் சட்டத்தில் சிக்கமாட்டேன் என்று மூன்று ஆண்டுக்கு இன்னொரு பத்திரம் எழுதி வாங்கினார். அதே கிளார்க். புதுக் கையெழுத்தையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா
பழைய ஆள் எழுதியதைப் படித்துவிட்டு எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நம்பிவிட வேண்டாம். வழக்கறிஞர் அலுவலகத்தில் 27 ஆண்டு இருந்தவன் சொல்கிறேன். எங்களிடம் வந்த ஒரு பையனுக்கு எல்லாம் கூடி வந்தது. ஆனால் அடிமை என்பதற்கு ஒரு மருத்துவச் சீட்டுகூட இல்லாததால் மனு நிற்கவில்லை. அவன் அம்மா என் மேசைமேல் வெறும் பையைத் தட்டிக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே கேளுங்கள். 39 என்பது குற்றவாளி என்று முடிவான பிறகு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வேறு: வழக்கு நிலுவையில் இருக்கும்போது தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்தே விலக்கு, பாதியில் ஓடிவந்தால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். முதல் நாளிலேயே இதைக் கேட்பவர்கள் குறைவு, அபராதம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். இரண்டுக்குமே அளவு முக்கியம். ஹெராயின் 5 கிராம், கஞ்சா ஒரு கிலோ; அதைத் தாண்டினால் இந்தக் கதவு இல்லை. மருத்துவமனை அரசு நடத்துவதாகவோ அரசு அங்கீகரித்ததாகவோ இருக்க வேண்டும். ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, சேர்க்கைத் தாள் எதையும் எறியாதீர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குக்கு இவை பொருந்தாது. அங்கே 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். அக்கா, தம்பிக்கு முதலிலேயே 64ஏ கேட்டிருக்க வேண்டும்.

ஒரு தாய், திருப்பூர்
ஐயா, அக்காவைக் குறை சொல்லாதீர்கள். அந்த அங்கீகாரத்தைப் பற்றி எங்களுக்கு யார் சொன்னார்கள்? தனியார் மையம் ஒன்றில் 45,000 ரூபாய் கட்டிச் சேர்த்தேன். சான்றிதழை நீதிமன்றம் ஏற்கவில்லை. வேறு இடத்தில் சேர்க்கிறோம் என்று வழக்கறிஞர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மகன் சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டைக் காட்டினான். கயிறு அறுத்த தழும்பு. “மையம் வேண்டாம் ஐயா, ஜெயிலுக்கே போகிறேன்.” அந்தத் தழும்பை அன்றுதான் நானும் பார்த்தேன். மாதம் ஒருமுறை பார்க்கப் போனபோதெல்லாம் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்
இங்கே சம்மதமே கேட்பதில்லை. உட்கொண்டது மட்டும்தான் குற்றம் என்றால் பெரும்பாலும் போதை மறுவாழ்வு நிலையம், குற்றப்பதிவு இல்லை. ஆனால் அதை நடத்துவது சிறைத்துறை, நான்கு ஆண்டு வரை வைத்திருக்க முடியும். என் அண்ணன் இரண்டு முறை போனார். முதல் முறை வீட்டுக்கு வந்த அன்று, கழிப்பறைக் கதவைத் திறக்க யாரிடமோ அனுமதி கேட்பதுபோல வாசலில் நின்றார். அதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டாயம்தான் வழி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வைகைக்கரை அக்கா
குமாஸ்தா ஐயா, உங்கள் மேல் வருத்தம் இல்லை. அந்தப் பிரிவு இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது வழக்கு எதுவும் இல்லை. நேற்று தேசிய உதவி எண் 14446இல் பேசினேன். வியாழக்கிழமை அரசு மருத்துவமனைக்கு வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான், யாரும் கேட்காமலே. முதல் சீட்டிலேயே “போதை அடிமை” என்று எழுதி வாங்க வேண்டுமா? அப்படி எழுதினால் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் அது அவனுக்கு எதிராக நிற்குமா? யாருக்காவது தெரிந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.