‘உடைத் திருத்தம்’ வேண்டாம்; ‘உடைப்புழுக்கம்’ ஆகுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வெப்பப் பாதுகாப்புச் சொற்பட்டியல் வரைவில் ஒரு சொல் இடறுகிறது.

> க்ளோதிங் அட்ஜஸ்ட்மென்ட் வேல்யூ – உடைத் திருத்த மதிப்பு

இதைப் படிக்கும் சூப்பர்வைசருக்குத் தையல்கடையில் இடுப்பைப் பிடிப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே திருத்தப்படுவது உடை அல்ல, வெப்பநிலை. கருவி காட்டுவது வெளிக்காற்றின் நிலையை. உடைக்குள் ஆள் படும் பாடு வேறு. அந்த வித்தியாசத்தை டிகிரியில் சொல்கிற எண் இது.

ஒரு கணக்கு. வெயில் படாத கொட்டகை. இயல்பு ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றி, விசிறியில்லாமல் விட்ட வெப்பமானி) 25 டிகிரி, கருங்கோளம் (கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி; கதிர்வெப்பத்தையும் காட்டும்) 33. இரண்டையும் சேர்த்து வெக்கையைச் சொல்லும் ஒற்றை எண்தான் டபிள்யூபிஜிடி (வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்) = 0.7 × 25 + 0.3 × 33 = 27.4. வெக்கைக்குப் பழகிய ஆள் நடுத்தர உழைப்புச் செய்ய, வெப்பச் சுமைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 7243 தரும் எல்லை 28. சாதாரண வேலையுடையில் தாராளமாகச் செய்யலாம். அதே ஆளுக்கு, ஆவி புகாத, தலைமூடி வைத்த கவரால் (உடல் முழுதும் மூடும் ஒற்றை உடை) மாட்டினால் 11 கூட்ட வேண்டும்: 38.4. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே எல்லை 33தான்!

ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் போகும். கவராலுக்குள் ஆவி தேங்கிவிட்டால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து பூட்ஸுக்குள் இறங்கும். உடம்பு நீரை இழக்கும், குளிர்ச்சி கிடைக்காது. இதற்குத்தான் தமிழில் புழுக்கம் என்று பேர். நெல் புழுங்குவதும் ஆவியில்தானே. ஆகவே ‘உடைப்புழுக்கம்’.

————

வணக்கம்.

> ஆகவே ‘உடைப்புழுக்கம்’

பொருத்தமான சொல்தான். இந்த எண்ணை அளக்கும் முறையும் இதற்குத் துணை நிற்கிறது: உடையை மாட்டி ஆளை நடக்கவிட்டு, அறையின் ஈரப்பதத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள், உள்ளுடல் வெப்பம் நிலைகொள்ளாமல் ஏறத் தொடங்கும் புள்ளி எது என்று பார்ப்பார்கள். வேலையுடைக்கு அந்தப் புள்ளி எங்கே, இந்த உடைக்கு எங்கே என்ற இடைவெளிதான் எண்.

உறுத்தல் ஒன்று உண்டு. பருத்தி வேலையுடைக்கு இந்த எண் 0. ‘உடைப்புழுக்கம் 0’ என்றால் பருத்திக்குள் புழுங்கவே புழுங்காது என்று எடுத்துக்கொள்வார்கள். ‘உடைக்கூட்டு’ என்று வைத்தால் என்ன? கூட்டுகிற எண்தானே.

இன்னொன்று: உலைக்கு முன்னால் போடும் அலுமினியப் பூச்சுக் கோட்டை இந்தச் சொல் எப்படிக் கையாளும்?

————

‘கூட்டு’ ஆபத்தான சொல் ஐயா. இரட்டை அடுக்குத் துணிக்கு 3, ஆவி புகாத கவராலுக்கு 11 என்றிருந்தால், இரண்டையும் போட்டவருக்கு 14 என்று யாராவது எழுதிவிடுவார்கள். அடுக்கடுக்காகக் கூட்டக் கூடாது. உடுத்தியிருக்கும் மொத்தத்துக்கும் ஒரே எண். ‘உடைக்கூட்டு’ என்ற பெயரே அந்தப் பிழைக்கு வழி காட்டுகிறது.

0 பற்றிய கவலைக்கு வரையறையே போதும். கடல்மட்டம் 0 என்றால் கடலுக்கு ஆழமில்லை என்றா கொள்கிறோம்?

அலுமினியக் கோட்டு இந்தச் சொல்லுக்கு நல்ல சோதனை. அது உலையின் கதிர்வீச்சைத் திருப்பும், வியர்வை ஆவியை உள்ளே பிடித்துவைக்கும். வெக்கையைத் தடுக்கும், புழுக்கத்தை ஏற்றும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் நம்மிடம் இருக்கும்போது, ‘ஹீட் ஸ்ட்ரெஸ்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘வெப்ப அழுத்தம்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவானேன்? அழுத்தம் என்றதும் பிரஷர் கேஜைத் தேடுவார்கள்.

‘ஈரக்குமிழ்’ முன்னால் ‘இயல்பு’ என்ற அடை இருந்தே ஆகவேண்டும். விசிறி வைத்த சைக்ரோமீட்டரின் (ஈரப்பதம் அளக்கும் கருவி) ஈரக்குமிழ் எண்ணை எடுத்துப் போட்டால், காற்றோட்டமில்லாத கொட்டகையில் அது குறைவாகக் காட்டும்; கணக்கில் 0.7 பங்கு எடை ஈரக்குமிழுக்குத்தான்.

பட்டியலில் இப்படிப் போடலாம்:

உடைப்புழுக்கம்: சாதாரண வேலையுடையைவிட ஓர் உடைத்தொகுதி கூடுதலாகத் தரும் வெப்பச் சுமை, டபிள்யூபிஜிடியோடு சேர்க்க வேண்டிய டிகிரி செல்சியஸ். முழுக்க மூடி அடைத்த ரசாயன உடைக்குப் பொருந்தாது. அங்கே ஆளின் நாடித்துடிப்பையும் உடல் வெப்பத்தையும் நேரடியாகக் கவனிக்க வேண்டும்.

‘உடைத்தொகுதி’ சற்றுக் கனமாகத்தான் இருக்கிறது. ‘உடுப்பு’ என்றால் யாருக்காவது மறுப்புண்டா?