கண்ணில் குறையில்லை என்றார்கள், பார்வை மட்டும் தடுமாறியது: ஆல்சைமர் தொடக்க நிலை அனுபவங்கள்

தந்தையைப் பராமரிக்கும் மகள்:

ஆல்சைமர் என்றதும் எல்லோருக்கும் மறதிதான் நினைவுக்கு வருகிறது. என் தந்தைக்கு மறதி பின்னால்தான் வந்தது. முதலில் தடுமாறியது பார்வை. ஓய்வு பெறும் வயதை எட்டுவதற்கு முன்பே, படிப்பது சிரமமாக இருக்கிறது என்று அடிக்கடி சொல்லத் தொடங்கினார். கண்ணாடியை மாற்றிப் பார்த்தோம். எழுத்து நன்றாகத் தெரிகிறது, வரிதான் பிடிபடவில்லை என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் அவர் சொன்னது விளங்கியது. ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கம் அவர் கண்ணுக்கு அகப்படவில்லை. பார்வை படித்த வரிக்கே திரும்பியது, இல்லாவிட்டால் இரண்டு வரிகள் தள்ளிப் போய் நின்றது. விரலை வைத்துப் படித்தால் சிறிது தூரம் போவார். அதைவிட வியப்பான செய்தி, நாளிதழின் பொடி எழுத்துகளைப் படித்துவிடும் அவர், அதே பக்கத்தின் கொட்டை எழுத்துத் தலைப்பைக் கண்டு திகைத்து நின்றதுதான். பெரிய எழுத்து ஒரே பார்வைக்குள் அடங்காததால் அதன் ஒரு பகுதி மட்டுமே அவருக்குப் புலப்படுகிறது என்று பின்னர் மருத்துவர் விளக்கினார்.

கண் பரிசோதனையில் விழித்திரை, கண் அழுத்தம், லென்ஸ் எல்லாமே சீராக இருந்தன. வயதானால் இப்படித்தான் என்ற ஆறுதலோடு திரும்பி வந்தோம். (இந்த ஆறுதல் எத்தனை குடும்பங்களின் காலத்தை வீணாக்கியிருக்குமோ!) பல மாதங்கள் கழித்து நரம்பியல் மருத்துவர் ஒருவர், ஒரு கடிகாரத்தை வரைந்து முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் வைக்கும்படி அவரிடம் சொன்னார். எண்கள் அத்தனையும் வட்டத்தின் ஒரு பக்கத்திலேயே குவிந்து கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த பொருள்களில் ஒன்றை மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது. ஆனால் அன்றைய தேதியையும், முந்தைய நாள் வீட்டுக்கு வந்தவர்களின் பெயர்களையும் பிழையின்றிச் சொன்னார். மூளையின் பின்பகுதி சுருங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டியது.

பாஸ்டீரியர் கார்டிகல் அட்ரோபி, அதாவது மூளைப் புறணியின் பின்பகுதி தேய்வது, இதற்குப் பெயர். ஃபிராங்க் பென்சன் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் 1988-இல் இதைத் தனி நோய்க்குறியாக விவரித்தார்கள். பெரும்பாலும் 50 முதல் 65 வயதுக்குள் தலைகாட்டும் இதன் அடியில் பெரும்பாலானோருக்கு இருப்பது ஆல்சைமர் நோய்தான். நினைவைக் காக்கும் பகுதிக்குப் பதிலாக, கண் அனுப்புவதைப் பொருளாகவும் இடமாகவும் தூரமாகவும் மாற்றித் தரும் பகுதியை அது முதலில் தாக்குகிறது. அப்பா கோப்பையை எடுக்கக் கை நீட்டும்போது, விரல்கள் கோப்பைக்கு இரண்டு அங்குலம் முன்பே காற்றில் மூடிக்கொள்ளும். திரும்ப வைக்கும்போது மேசையின் விளிம்புக்கு வெளியே வைப்பார். கைநடுக்கம் இல்லை, கவனக்குறைவும் இல்லை.

மாமியாருடன் வசிக்கும் மருமகள்:

மேலே எழுதிய சகோதரியின் தந்தைக்கு வந்தது அரிதான வகை. என் மாமியாருக்கு இருப்பது நினைவிலிருந்தே தொடங்கும் வழக்கமான ஆல்சைமர். ஆனாலும் அத்தைக்குத் தொடக்கத்திலேயே பார்வையில் மாற்றங்கள் தெரிந்தன என்பதால் எழுதுகிறேன். வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடியைத் தாண்டி அவர் வர மறுப்பார். பிடிவாதம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. நான் ஒருநாள் அருகில் நின்று கேட்டேன். “அங்கே பள்ளம் இருக்கிறதே, நீ எப்படி அதன்மேல் நடக்கிறாய்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். பளபளப்பான தரை அவருக்கு ஈரமாகத் தெரிந்தது. மிதியடியை எடுத்துவிட்டு, தரையின் நிறத்துக்கு நெருக்கமான ஒன்றைப் போட்டதும் அந்தப் பிடிவாதம் காணாமல் போயிற்று.

தூரத்தையும் ஆழத்தையும் கணிப்பதோடு, அருகருகே உள்ள நிறங்களைப் பிரித்தறிவதும் இந்நோயில் குறைகிறது. குறிப்பாக நீலம், ஊதா வகை நிறங்கள் பலருக்குக் குழப்பம் தருகின்றன. வெள்ளைத் தட்டில் வெளிர் நிற உணவை வைத்தால் பாதியை அப்படியே விட்டுவிட்டு, பசியில்லை என்பார். 2004-இல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வொன்றில், நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களுக்கு அழுத்தமான சிவப்பு நிறத் தட்டும் கோப்பையும் கொடுத்தபோது, அவர்கள் உட்கொண்ட உணவு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடியது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலர்தான் என்பதால் அதை எல்லோருக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ள முடியாது. எங்கள் வீட்டில் பலன் இருந்தது.

கண் பரிசோதகராகப் பணியாற்றுபவர்:

இரண்டு அனுபவங்களையும் படித்தபின் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கத் தோன்றுகிறது. மூளைதான் காரணம் என்று தெரிந்தவுடன் கண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடும் குடும்பங்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஆல்சைமர் உள்ளவருக்கும் கண்புரை வரும், கண் அழுத்த நோய் வரும். மங்கிய படத்தை, ஏற்கெனவே தடுமாறும் மூளையிடம் கொடுத்தால் குழப்பம் இரட்டிப்பாகும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களிடம் டிமென்ஷியா (ஆல்சைமர் உள்ளிட்ட, நினைவும் சிந்தனையும் குன்றும் நோய்கள்) ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்ததாக 2022-இல் அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது. 2024-இல் வெளியான, லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, சிகிச்சை பெறாத பார்வைக் குறைவை, டிமென்ஷியாவுக்கான, மாற்றியமைக்கக்கூடிய 14 அபாயக் காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

அதேபோல், ஒவ்வொரு பார்வைத் தடுமாற்றத்தையும் ஆல்சைமர் என்று அஞ்ச வேண்டியதில்லை. அறையில் இல்லாத ஆட்கள் தெளிவாகத் தெரிகிறார்கள் என்றால், லூயி பாடி வகை டிமென்ஷியாவையும், பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு வரும் சார்லஸ் பானே நிலையையும் மருத்துவர் முதலில் யோசிப்பார். பரிசோதனைக்கு வருபவர்களிடம் எழுத்து வரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டாமல், மற்றவற்றை மறைத்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினால், மூளை காரணமாகத் தடுமாறுபவர்களின் விடை மாறுகிறது. அந்த மாற்றத்தை மருத்துவருக்கான குறிப்பில் தவறாமல் எழுதுகிறேன். பார்க்க முடியவில்லை என்பதையும், தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் குடும்பத்தினர் பிரித்துச் சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

தொடக்க நிலையில் இருக்கும் ஒருவர்:

நான் சொல்லச் சொல்ல என் மனைவி தட்டச்சு செய்கிறார். எல்லோரும் பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். உள்ளேயிருந்து பார்க்கும்போது இது மங்கலாக இருப்பதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தெரிவதெல்லாம் கூர்மையாகவே தெரிகிறது, ஆனால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் தெரிகிறது. அடுத்ததைப் பார்த்தால் முந்தையது கைவிட்டுப் போகிறது. மேசையின் இழுப்பறையில் சாவி எனக்கு நேர் எதிரே கிடந்தாலும், பேனாக்களையும் தாள்களையும் அகற்றிய பிறகே அது வெளிப்படும். வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது பிடிபடாமல் போனதும், மருத்துவர் சொல்லும் முன்பே வண்டி ஓட்டுவதை நிறுத்திக்கொண்டேன். கடிகார முட்கள் குழப்பியதால், மணியை எண்ணாகக் காட்டும் கடிகாரத்துக்கு மாறிவிட்டேன்.

“அதோ இருக்கிறதே” என்று கை காட்டுவது எனக்கு உதவுவதில்லை. “உங்கள் வலது கைக்குப் பக்கத்தில்” என்றால் போதும். படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டிய பிறகு, பிறர் கையைப் பிடிக்காமல் இறங்குகிறேன். ஏறுவதற்கு அந்தப் பட்டை தேவைப்படவில்லை.