ஆவணங்கள் சரியாக இருந்தன: சிறுநீரக விற்பனையை எதிர்கொண்ட அரசு அலுவலர்களின் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற வட்டாட்சியர், மேற்கு மாவட்டம்:

2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் விலைக்கு வாங்கப்பட்ட செய்தி வெளிவந்ததும், ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததும் இங்குள்ள அனைவருக்கும் தெரியும். அச்செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை. பணிக்காலத்தில் நான் கையெழுத்திட்ட ஒரு சான்றைப் பற்றி எழுதுகிறேன். இதே நிலையில் நின்றவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுத வேண்டுகிறேன்.

தறிப்பட்டறையில் தார் (நெசவு நூல்) சுற்றும் வேலை செய்துவந்த ஒரு பெண்மணி இருப்பிடச் சான்று கேட்டு விண்ணப்பித்திருந்தார். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் வருவாய் ஆய்வாளரின் பரிந்துரையும் முறையாக இருந்தன. ஆனால் அவர் சொன்ன முகவரி அவர் குடியிருந்த வீட்டினுடையது அன்று. வெளியூரிலிருந்து வந்து குடியேறியதாகச் சொல்லப்பட்ட வசதியான ஒரு குடும்பத்தினுடையது. அவருக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றிருந்தார். “இவர் யார்?” என்று நான் பெண்மணியிடம் கேட்டபோது, அவர் வாய் திறக்கும் முன்னே அந்த ஆளே “சித்தப்பா மகனுங்க” என்றார். எனக்கு உறுத்தியது. மேசையில் நாற்பது கோப்புகள் இருந்தன. தல விசாரணைக்கு அனுப்பினால் இரண்டு வாரம் ஆகும். “மருத்துவ அவசரம்” என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. கையெழுத்திட்டேன்.

எட்டு மாதம் கழித்து மக்கள் குறைதீர்க்கும் நாளில், கறவை மாட்டுக் கடன் கேட்டு அவர் வந்தார். வரிசையில் நிற்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன், சொன்னார். பட்டறை முன்பணத்தையும் மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையையும் அடைக்கத்தான், அந்த முகவரிக் குடும்பத்துக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்திருக்கிறார். பேசிய தொகையில் பாதிகூட வந்து சேரவில்லை.

புகார் எழுதலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பணம் கொடுத்தவரையும் தரகரையும் தண்டிப்பதோடு, பணத்துக்காக உறுப்பைத் தந்தவரையும் தண்டிக்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அது ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறை. அபராதம் 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை. மாட்டுக் கடனுக்கு வந்த பெண்ணை நான் அந்தப் பிரிவின் முன் நிறுத்த வேண்டியிருந்தது. எழுதவில்லை. அது இரக்கமா, என் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவில் முன்பு உறுப்பினராக இருந்த மருத்துவர்:

வட்டாட்சியர் ஐயா, உங்கள் சான்றுகள் வந்து சேரும் மேசையில் நான் மூன்று ஆண்டுகள் இருந்தேன்.

நெருங்கிய உறவினர் அல்லாதவர் உறுப்பு தருவதானால், நோயாளியின் மீதுள்ள அன்பாலோ பற்றாலோ வேறு சிறப்புக் காரணத்தாலோ தருகிறார் என்று குழு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு. 2014ஆம் ஆண்டு விதிகள் இன்னும் விரிவானவை: இருவருக்கும் தொடர்பு ஏற்பட்ட விதத்தை விளக்க வேண்டும், பழைய புகைப்படங்கள் வேண்டும், மூன்று நிதியாண்டுகளின் வருமானச் சான்று வேண்டும், இருவரின் பொருளாதார நிலையில் பெரும் ஏற்றத்தாழ்வு இருந்தால் அதை வணிகத் தடுப்பு என்ற நோக்கோடு எடைபோட வேண்டும், நேர்காணலை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். விதிகளில் குறையில்லை. அவை கேட்கும் ஒவ்வொரு தாளையும் தயாரித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வெளியே இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

ஓர் இளைஞர் வந்தார். எப்படிப் பழக்கம் என்று கேட்டதற்கு, “பத்து வருஷமா அவங்க வீட்ல வேலை பாக்குறேன். என்னைக் கூடப்பிறந்த தம்பி மாதிரி வச்சிருக்காங்க” என்றார். அதே வாக்கியத்தை அதற்கு முந்தைய மாதம் வேறொருவர் வாயிலிருந்தும் கேட்டிருந்தேன். இணைத்திருந்த ஆறு புகைப்படங்களில் ஒன்று கோயிலில், ஒன்று கடற்கரையில், ஒன்று பிறந்தநாள் விழாவில் எடுக்கப்பட்டிருந்தது. ஆறிலும் அவர் ஒரே சட்டையை அணிந்திருந்தார். அந்த வீட்டுக் குழந்தைகளின் பெயர் என்ன என்று கேட்டேன். வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்து நாற்காலியில் நோயாளி அமர்ந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்த கை. தாய்க்குச் சர்க்கரை நோய், மனைவியின் இரத்த வகை பொருந்தவில்லை, உடன்பிறந்த அண்ணன் மறுத்துவிட்டார். மற்ற உறுப்பினர்கள் என்னிடம், சந்தேகம் சான்றாகாது, தாள்கள் எல்லாம் சரியாக உள்ளன என்றார்கள். தமிழ்நாடு அரசு எதிர்த்தரப்பாக இருந்த ஒரு வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், உண்மையான நோக்கத்தை நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரர்களுடையது என்று கூறியிருக்கிறது. அதை எடுத்துக்காட்டி நிராகரிக்கச் செய்தேன்.

நோயாளியின் மனைவி தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். “நீங்க சட்டம் சொல்றீங்க டாக்டர். வாரத்துக்கு மூணு நாள் அந்த மிஷின் பக்கத்துல நான்தான் உட்கார்ந்திருக்கேன்.” ஐந்து மாதத்தில் நோயாளி இறந்துவிட்டார். அவருடைய பெயர் அப்போது மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலில் இருந்தது. 2008இல் தமிழ்நாடு அந்தத் திட்டத்தைத் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக இருந்தபோதும், பட்டியல் எப்போதும் உறுப்புகளைவிட நீளமாகத்தான் இருக்கிறது.

என்னை அதைவிட வருத்தியது பத்து நாள் கழித்து அந்த இளைஞர் வந்து கேட்ட கேள்வி: “மறுபடி மனு போடலாமா சார்? முன்பணம் வாங்கிச் செலவாயிடுச்சு.” நிராகரிப்பு அவரைக் காப்பாற்றிவிட்டதாக நான் நினைத்திருந்தேன். அவரோ தரகரிடமும் கடனாளியாகியிருந்தார்.

ஆயினும் அனுமதித்திருந்தால் அந்த இளைஞர் கடனிலிருந்து மீண்டிருப்பார் என்று எவரும் சொல்ல வேண்டாம். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்து 2002இல் வெளியான ஆய்வை அப்போது நான் மேசையிலேயே வைத்திருந்தேன். 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். ஆய்வு நடந்த காலத்திலும் அவர்களில் நால்வரில் ஏறத்தாழ மூவர் கடனில் இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விற்க நினைக்கும் பிறருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 79 விழுக்காட்டினர் கூறினார்கள். விற்றவர்களின் இந்தச் சொல்லைத்தான் நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அந்த மனைவியின் முகம் மறந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை.

ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர்:

2007ஆம் ஆண்டு தொடக்கத்தில் எண்ணூர்ப் பகுதியில் சுனாமியால் இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்களின் குடியிருப்பில் பல பெண்கள் சிறுநீரகம் விற்றிருந்தது வெளியே தெரிந்தபோது நான் வடசென்னையில் பணியில் இருந்தேன். என்னிடம் வந்தவர்களில் எவரும் உறுப்பை விற்றதைப் புகாராகச் சொல்லவில்லை. பேசிய பணம் வரவில்லை என்பதே புகார். அதை அவர்கள் சொன்னபடியே முதல் தகவல் அறிக்கையில் எழுதினால், புகார் கொடுத்தவரின் வாக்குமூலமே அவருக்கு எதிராகத் திரும்பும்.

இன்னொரு தடையும் உண்டு. மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழ் அரசு நியமித்த உரிய அதிகார அமைப்பு முறையிட்டாலோ, அந்த அமைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த ஒருவர் முறையிட்டாலோதான் நீதிமன்றம் குற்றத்தை விசாரணைக்கு ஏற்கும். 2008இல் வெளிப்பட்ட குருகிராம் சிறுநீரக வழக்கில் மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே நாங்கள் ஏமாற்றுதல், போலி ஆவணம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளில் வழக்கெழுதினோம். ஒரு வழக்கில் அந்தப் பெண்ணை ஏமாற்றப்பட்டவராக மட்டும் காட்டி, அவர் தெரிந்தே பொய்ச் சான்றில் கையெழுத்திட்ட பகுதியை விட்டுவிட்டேன். காவல் பணியில் உண்மையைக் குறைத்து எழுதியது எனக்கு அது ஒருமுறைதான். மேலதிகாரி கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன், அவர் கேட்கவில்லை.

வட்டாட்சியர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: அந்தச் சான்றின் நகல் உங்களிடம் இருக்கிறதா?

சுகாதாரத் துறை அலுவலர்:

என் அனுபவம் சிறியது. தனியார் மருத்துவமனை ஒன்றின் மாற்று அறுவை உரிமத்தை நிறுத்திவைக்கும் கோப்பை நான்தான் தயாரித்தேன். ஆணை போன நாளில் அங்கே தாயிடமிருந்து மகனுக்கு நடக்கவிருந்த, எந்தப் பழுதும் இல்லாத ஓர் அறுவைச் சிகிச்சையும் நின்றது. அவர்களை வேறு மருத்துவமனைக்கு மாற்றப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் நான் தினமும் தொலைபேசியில் அந்தத் தாயுடன் பேசினேன். ஆணையைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. நிறுத்தும் முன்பே அங்குள்ள நோயாளிகளின் பட்டியலைக் கேட்டு வாங்காதது என் பிழை.

ஓய்வுபெற்ற வட்டாட்சியர்:

உதவி ஆய்வாளர் ஐயாவுக்கு: நகல் இருக்கிறது. என் தவற்றை நானே எழுதிக்கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அந்தச் சான்றில் என் கையெழுத்துக்கு மேலே இருப்பது அந்தப் பெண்மணியின் பெயர். என்னை ஒப்புக்கொடுக்கும்போதே அவரையும் ஒப்புக்கொடுக்கிறேன்.

எனவே போன வாரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். சட்டம் அவரை என்ன செய்யக்கூடும் என்பதை மறைக்காமல் சொன்னேன். இலவசச் சட்ட உதவி மையத்து வழக்கறிஞரைக் கூட்டி வருவதாகவும், அவரைச் சாட்சியாகவே நடத்துமாறு விசாரணை அதிகாரியிடம் வேண்டுவதாகவும், ஆனால் அதற்கு உறுதி தர எனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பெரிய புள்ளைக்குத் தையில கண்ணாலம் வச்சிருக்குதுங்க. அது முடியட்டுங்க சார், நானே வந்து சொல்றேன்” என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

திரும்பி வரும்போது தெருமுனைத் தேநீர்க் கடையில் அன்று அலுவலகத்துக்கு வந்த அந்த “சித்தப்பா மகன்” வேறு இருவரோடு பேசிக்கொண்டிருந்தார். தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மருத்துவர் ஐயா, உதவி ஆய்வாளர் ஐயா, அந்தப் பெண்மணிக்கு நான் கொடுத்த வாக்கைக் காப்பதா, நாளையே புகாரை எழுதுவதா? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.