கையால் சுற்றிய யாழ்தேவி: உங்களிடமும் இப்படி ஒரு கற்பனை இருக்குமே?

டைனமோ:
1993ஆம் ஆண்டு, போர்க்கால யாழ்ப்பாணம், எனக்கு எட்டு வயது. மின்சாரம் 1990இலேயே போய்விட்டது, பற்றறிக்கும் தடை. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, யாராவது ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். பெரியவர்கள் சுற்றிவர இருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். என் கை கொஞ்சம் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கும், உடனே நாலு பக்கத்திலிருந்தும் "சுத்தடா!" என்று ஏச்சு விழும்.

அழுகை வருமளவுக்கு அலுத்த வேலை. அப்பப்பா கொழும்பில் கிளாக்கராக இருந்தவர், ரயிலிலேயே அரைவாசிச் சீவியம் போனது என்பார். ஒரு நாள் அவர்தான் சொன்னார், "சும்மா சுத்தாதை அப்பன், நீ இப்ப யாழ்தேவியை ஓட்டுறாய்." யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடிய ரயில் அது. அன்றிலிருந்து நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று நான் போய்க்கொண்டே இருந்தேன். கை உளைந்தால் பளையில் ஒரு நிறுத்தம் (அதற்கும் ஏச்சுத்தான்). செய்தி முடிந்ததும் அப்பப்பா மெதுவாகக் கேட்பார், "இண்டைக்கு எவடம் மட்டும் போனனி?" மாங்குளம் என்பேன். அனுராதபுரத்தில் வடை ஏறும் என்று அவர் சொல்லி வைத்திருந்ததால் எப்படியாவது அங்கே போய்ச் சேர வேண்டுமென்று ஒரு பேராசை, ஆனால் வவுனியாவுக்கு அங்கால் போன நாட்கள் குறைவு.

உண்மையில் ரயிலில் ஏறிய ஞாபகமே எனக்கு இல்லை. அந்த நேரம் தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டைகளெல்லாம் பங்கர்களுக்குக் கூரையாகிவிட்டன. எங்கள் வளவுப் பங்கரிலும் நாலு கட்டை இருந்தது.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. அடுத்த மாதமே மனைவியோடு கொழும்புக்கு ஏறினேன். பெயர்ப்பலகையைப் பார்க்காமலே ஒவ்வொரு ஸ்ரேசனாகச் சொல்லிக்கொண்டு வர, "முந்தி இதில கனதரம் வந்தனீங்களோ?" என்று கேட்டா. சின்னனில் ஒவ்வொரு இரவும் என்றேன். நம்பினால் நம்புங்கள், பளை வரும்போது வலது தோள் உளைந்தது.

வடக்கு வளவு:
நல்ல கதை. ஆனால் நான் மற்றப் பக்கத்தைச் சொல்லப்போகிறேன், கோபிக்காதீர்கள். எங்கள் வீடு வலிகாமம் வடக்கில், 1990இல் விட்டுவிட்டு ஓடி வந்தோம். முகாமிலும் பிறகு வாடகை வீடுகளிலும் அம்மா பின்னேரமானால் கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டைக் கூட்டுவா. "விறாந்தை முடிஞ்சுது, இனி குசினி" என்று வாய்விட்டே சொல்லுவா. இருந்த வீடுகளிலோ ஒரு பூக்கன்றுகூட நட விடமாட்டா, இது எங்கட இல்லையே என்பா.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகி, ஒருவழியாக இராணுவம் காணியை விட்டபோது போய்ப் பார்த்தோம். கிணறு மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் பற்றை. அம்மா அந்தப் பற்றைக்குள் நேரே நடந்துபோய் ஓரிடத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "குனிஞ்சு வா, நிலை பதிவு" என்றா. அங்கே வாசல் நிலையும் இல்லை, சுவரும் இல்லை. நான் குனிந்துதான் போனேன்.

அந்தக் கற்பனை அவவுக்கு நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று எனக்கும் தங்கச்சிக்கும் இன்றைக்கும் சண்டை.

தேசிக்காய்:
வடக்கு வளவு, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை. என்னுடையது சின்னக் கதை.

நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கடற்கரையோரக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்ற ஊர்க்கதையை மகனுக்குச் சொல்லிவிட்டேன், ஆறு வயது. சோதித்தே ஆக வேண்டும் என்று நின்றான். சரியென்று போனோம். அவன் அப்பா விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், கதையைக் கெடுப்பதில் கெட்டிக்காரர். கிணற்றடியில் நின்று, அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத் தண்ணி என்று பாடம் எடுத்தார். மகன் எல்லாம் கேட்டுவிட்டுத் தேசிக்காயைப் போட்டான்.

பிறகு கீரிமலைக் கேணிப் படியில் ஒரு மணித்தியாலம் இருந்தோம். ஒன்றும் வரவில்லை. அழுவான் என்று நினைத்தேன். எழும்பிக் காற்சட்டையைத் தட்டிவிட்டுச் சொல்கிறான்:

"அது வழியில வருது அம்மா. உப்புத் தண்ணிக்குள்ள கண் எரியுமெல்லோ, ஆறுதலாத்தான் வரும்."

அப்பாக்காரர் ஒரு சொல்லும் பேசவில்லை. போன சனிக்கிழமை அவரே கேட்கிறார், ஒருக்கா கீரிமலைப் பக்கம் போய்ப் பார்ப்பமோ என்று.